சேப்பாக்கத்துச் சதங்களை எப்படி எடைபோடுவது?

வணக்கம் நண்பர்களே. சென்னை சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் அடிக்கப்பட்ட சர்வதேசச் சதங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். யார் எத்தனை அடித்தார்கள் என்று பட்டியல் வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அது உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். அந்தப் பட்டியல் சொல்லாத ஒன்று உண்டு. ஆட்டத்தின் எந்த நாளில், ஆடுகளம் எந்த நிலையில் இருந்தபோது அந்தச் சதம் வந்தது என்பதுதான் அது. என் கணிப்பில், இந்த மைதானத்தைப் பொறுத்தவரை ஓட்ட எண்ணிக்கையைவிட அதற்கே அதிக எடை கொடுக்க வேண்டும்.

முதலில் பெரிய எண்களைப் பார்த்துவிடுவோம். டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியர்கள் இதுவரை அடித்த முச்சதங்கள் மூன்றே மூன்று. முல்தானில் சேவாக் அடித்த 309 போக, மற்ற இரண்டும் சேப்பாக்கத்தில் பிறந்தவை. 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா முதலில் ஆடி 540 ஓட்டங்களைக் குவித்தது, ஹாஷிம் ஆம்லா 159 அடித்தார். பதிலுக்கு ஆடிய சேவாக் 278 பந்துகளில் முந்நூறைத் தொட்டு, 319 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். டெஸ்டில் அதைவிட வேகமான முச்சதத்தை அதற்கு முன் எவரும் அடித்ததில்லை. அதே இன்னிங்ஸில் திராவிடும் 111 எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சேவாக்கின் மட்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓர் அணி 540, இன்னோர் அணி 627 என்று அடித்திருந்தால், ஆடுகளம் யார் பக்கம் நின்றது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2016 டிசம்பரில் கருண் நாயர் அடித்த ஆட்டமிழக்காத 303 அதிலிருந்து சற்று வேறுபட்டது. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 477 எடுத்தது, மொயின் அலி 146 அடித்தார். இந்தியா 7 விக்கெட்டுக்கு 759 எடுத்து டிக்ளேர் செய்தது, அதாவது தானாகவே இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. கே.எல்.ராகுல் 199-இல் அவுட்டாகித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார். கடைசி நாளில் ஜடேஜா 48 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்த, 477 எடுத்த அணி ஒரு இன்னிங்ஸ் மற்றும் 75 ஓட்டங்களில் தோற்றது. முதல் நாளில் சதத்தை அள்ளிக் கொடுத்த அதே மண், ஐந்தாம் நாளில் ஓர் அணியையே சுருட்டிவிட்டது. இடையே ஒரு வருத்தத்தையும் பதிவு செய்துவிடுகிறேன்: தன் முதல் டெஸ்ட் சதத்தையே முச்சதமாக மாற்றிய அந்த மனிதர், 2017 மார்ச்சுக்குப் பிறகு அடுத்த டெஸ்டில் ஆட 2025 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சேப்பாக்கத்தில் வழக்கமான டெஸ்ட் ஆடுகளம் முதல் இரண்டு நாட்கள் மட்டையாளருக்கு நண்பனாக இருக்கும். வெயிலில் காய்ந்து மேற்பரப்பு பெயரத் தொடங்கியதும், பந்துவீச்சாளர்களின் காலடி பட்டுச் சிதைந்த இடங்களில் விழும் பந்து எவ்வளவு திரும்பும், எவ்வளவு எழும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அடிக்கப்படும் சதம் வேறு ரகம். சேப்பாக்கத்தில் ஐந்து டெஸ்ட் சதங்கள் அடித்திருக்கும் டெண்டுல்கரை எடுத்துக்கொண்டால், அவற்றில் மூன்று ஆட்டத்தின் இரண்டாவது பாதியில் வந்தவை. 1993-இல் இங்கிலாந்துக்கு எதிரான 165-ஐயும், 2001-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 126-ஐயும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மூன்றை மட்டும் பார்க்கலாம்.

1998 மார்ச்சில் ஆஸ்திரேலியா வந்தபோது முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் நான்கே ஓட்டங்களில், ஷேன் வார்ன் பந்தில் ஸ்லிப்பில் நின்ற மார்க் டெய்லரிடம் பிடி கொடுத்து வெளியேறினார். இந்தியா 257, ஆஸ்திரேலியா 328. அதாவது 71 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கியது. நான்காம் நாளில் வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து, அதாவது ஸ்டம்ப்புக்கு மறுபக்கமாக ஓடிவந்து, வலது கை மட்டையாளரின் கால் பக்கத்துக்கு வெளியே சிதைந்திருந்த இடத்தைக் குறிவைத்து வீசினார். அந்தப் பந்தைக் காலால் தடுத்துக் காலம் கடத்துவதுதான் பலரும் செய்வது. டெண்டுல்கரோ முன்காலை விலக்கி, பந்து திரும்பும் திசைக்கு எதிராகவே, கால் பக்கத்தில் இருக்கும் மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கி அடித்தார். இது அந்த நொடியில் தோன்றிய துணிச்சல் இல்லை. தொடருக்கு முன்பே லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனைக் கொண்டு, அதே கோணத்தில், வேண்டுமென்றே கிளறிவிடப்பட்ட இடத்தில் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுத்திருந்தார். ஆட்டமிழக்காமல் 155 எடுத்தார், இந்தியா 4 விக்கெட்டுக்கு 418-இல் டிக்ளேர் செய்தது, ஆஸ்திரேலியா 168-இல் சுருண்டு 179 ஓட்டங்களில் தோற்றது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த 136, என் பார்வையில் இந்த மைதானத்தின் ஆகச் சிறந்த சதம். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. அதற்காக நான் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஷாஹித் அஃப்ரிடி இரண்டாவது இன்னிங்ஸில் 141 அடித்ததால் இலக்கு 271 ஆனது. அந்த இன்னிங்ஸின் கடைசியில் வெங்கடேஷ் பிரசாத் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியிராவிட்டால் இலக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருந்திருக்கும். இந்தியா 82-க்கு 5 விக்கெட். வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், சக்லைன் முஷ்டாக் ஆகிய மூவரையும் நான்காவது இன்னிங்ஸில் சமாளித்தபடி, முதுகுவலியோடு டெண்டுல்கர் நயன் மோங்கியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்தினார். இன்னும் 17 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் சக்லைனைத் தூக்கி அடிக்கப் போய் அக்ரமிடம் பிடி கொடுத்தார். எஞ்சியிருந்த மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் அவுட்டாக, பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. தோல்வியை விழுங்கிக்கொண்டு அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதை, ஆட்டத்தைப் பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மூன்றாவது, 2008 டிசம்பர். மும்பைத் தாக்குதலுக்குப் பின் அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு மாற்றப்பட்ட டெஸ்ட் அது. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தார்: 123, 108. இலக்கு 387. நான்காம் நாள் மாலையில் சேவாக் 68 பந்துகளில் 83 அடித்து வழியைத் திறந்துவிட்டார். மறுநாள் டெண்டுல்கர் ஸ்வான் பந்தைப் பின்பக்கம் தட்டிவிட்டு எடுத்த பவுண்டரியில் அவருடைய சதமும் இந்தியாவின் வெற்றியும் ஒன்றாக வந்தன. இந்தச் சதத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். யுவராஜ் சிங் மறுமுனையில் ஆட்டமிழக்காமல் எடுத்த 85-ஐப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஆடுகளத்தைப் போலவே வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210-ஐ அதைச் சொல்லாமல் விளக்கவே முடியாது. எட்டு மணி நேரத்துக்கும் மேல், ஆடுகளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார். பிறகு மருத்துவமனையில் அவருக்கு சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா 574, டேவிட் பூனும் ஆலன் பார்டரும்கூடச் சதமடித்தார்கள். ஃபாலோ ஆனை, அதாவது உடனே மீண்டும் மட்டை பிடிக்க வேண்டிய நிலையைத் தவிர்க்க இந்தியாவுக்கு 375 தேவைப்பட்டபோது, கபில் தேவ் 119 அடித்து 397 வரை கொண்டுபோனார். ஜோன்ஸின் இரட்டைச் சதத்தைக் கொண்டாடுபவர்கள் கபிலின் இந்தச் சதத்தை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் 348 என்ற இலக்கும் இல்லை, 347-இல் இந்தியா ஆல் அவுட்டாகி டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது சமநிலை (டை) ஆட்டமாக அது பதிவானதும் இல்லை.

வெளிநாட்டவர்களில் இன்னொருவர் இங்கிலாந்தின் ஜோ ரூட். 2021 பிப்ரவரியில் தன் 100-ஆவது டெஸ்டில் 218 அடித்தார். நூறாவது டெஸ்டில் இரட்டைச் சதம் அதற்கு முன் எவரும் அடித்ததில்லை. ஆடுகளம் நல்ல நிலையில் இருந்த இரண்டு நாட்களையும் ஒரு துளி வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்ட இன்னிங்ஸ் அது. அடுத்த வாரமே அதே மைதானத்தில் ரோகித் சர்மா முதல் நாளிலேயே திரும்பத் தொடங்கிய பந்துகளுக்கு எதிராக 161 எடுத்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தயங்காமல் ரோகித்தின் 161-ஐத்தான் எடுப்பேன்.

சதம் என்ற எல்லைக் கோடு சில நேரம் கண்ணை மறைத்துவிடும். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டுகளை வீழ்த்திய இன்னிங்ஸில் இந்தியா எடுத்தது 190, அதில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்தது 97. அதே விஸ்வநாத் 1982-இல் இங்கிலாந்துக்கு எதிராக இங்கே 222 அடித்திருக்கிறார். சென்னை ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் 97-ஐத்தான் சொல்வார்கள்.

மகளிர் ஆட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 292. இந்தியா 603. ஆனால் ஸ்னே ராணா 8 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா ஃபாலோ ஆன் கொடுத்த பிறகு, லாரா வோல்வார்ட் 122-உம் சூனே லூஸ் 109-உம் எடுத்து ஆட்டத்தைக் கடைசி நாள் வரை இழுத்தார்கள். எனக்கு அந்த இரண்டு சதங்களும் ஷஃபாலியின் இரட்டைச் சதத்துக்குக் குறைந்தவையாகத் தெரியவில்லை.

கடைசி நாட்களில் வரும் சதம்தான் எப்போதும் கடினம் என்று இதுவரை சொன்னதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். அதே ஆண்டு செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராகச் செம்மண் ஆடுகளம் போடப்பட்டது. முதல் நாள் காலையில் வேகப்பந்து எகிறியது, ஹசன் மஹ்மூத் 4 விக்கெட்டுகளைச் சாய்த்தார், இந்தியா 144-க்கு 6. அங்கே வந்த அஸ்வின், ஜடேஜாவுடன் சேர்ந்து 199 ஓட்டங்கள் சேர்த்து 113 எடுத்தார். மூன்றாம் நாளில் சுப்மன் கில் 119-உம் ரிஷப் பந்த் 109-உம் அடித்தபோது ஆடுகளம் அமைதியாகிவிட்டிருந்தது, முன்னிலையும் கையில் இருந்தது. அந்த டெஸ்டின் மூன்று சதங்களில் விலை உயர்ந்தது முதல் நாளில் வந்ததுதான்.