ம்யூட் போட்ட அந்த அரை மணி நேரம்

[திரையில்: இருட்டு. நடுவில் ஒரு ஸ்பீக்கர் ஃபோன்.]

1986 ஜனவரி 27, ராத்திரி. அமெரிக்காவுல யூட்டா மாநிலம். சேலஞ்சர் விண்கலத்தோட பூஸ்டர் ராக்கெட்டச் செஞ்ச மார்ட்டன் தயக்கால் கம்பெனியில மீட்டிங். ஃபோன்ல நாசா. விடிஞ்சா ஃப்ளோரிடாவுல லாஞ்ச். ஆனா அங்க அன்னிக்குத் தண்ணி உறையற குளிர்.

இன்ஜினியர்களோட பயமெல்லாம் ஒரு ரப்பர் வளையத்து மேல. பூஸ்டர் துண்டு துண்டாத்தான் வரும். இணைக்கற இடத்துல ஓ-ரிங், நம்ம குக்கர் கேஸ்கட் மாதிரி. குளிர்ல விறைச்சுப்போனா இடுக்க உடனே அடைக்காது. உள்ள எரியற வாயு வெளிய பீறிடும். அதனால, ஓ-ரிங் சுமார் 12 டிகிரிக்குக் கீழ போனா விட வேண்டாம்னு கம்பெனியே சொல்லிடுச்சு.

நாசா மேனேஜர் லாரன்ஸ் மல்லாய் எரிஞ்சு விழுந்தார்: "அப்போ எப்பதான் விடச் சொல்றீங்க? ஏப்ரல்லயா?"

அஞ்சு நிமிஷம் டைம் கேட்டு, தயக்கால்காரங்க ம்யூட் போட்டாங்க. அது அரை மணி நேரம் ஆச்சு.

[திரையில்: மேஜை மேல போட்டோக்கள்.]

தயக்கால் இன்ஜினியர் ரோஜர் போஜோலே எழுந்துபோய் போட்டோவப் பரப்பறார். ஒரு வருஷம் முன்னாடி குளிர்ல பறந்த ராக்கெட்டோட இணைப்பு. ஒரு இணைப்புக்கு ரெண்டு வளையம்; அதுக்கு நடுவுல கரி அப்பிக் கெடக்கு. அதாவது, முதல் வளையத்தத் தாண்டி வாயு கசிஞ்சிருக்கு. இன்னொரு இன்ஜினியர் ஆர்னி தாம்சன் பேப்பர்ல வரைஞ்சு காட்டறார். மேலதிகாரிங்க காதுல ஏறல. ரெண்டு பேரும் பேசறத நிறுத்திட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க.

இதுல கேள்வியே தலைகீழா மாறினதக் கவனிச்சீங்களா? வழக்கமா, "பத்திரம்னு காட்டு, விடலாம்". அன்னிக்கு, "கெட்டுப்போகும்னு காட்டு, நிறுத்தலாம்". இன்னும் நடக்காத விபத்துக்கு யார் போய் சாட்சி கொண்டுவர்றது?

அடுத்து ஓட்டு. மேனேஜர் நாலு பேருக்கு மட்டும். அதுல ஒருத்தர், இன்ஜினியரிங் பிரிவுத் தலைவர் பாப் லண்ட், தயங்கறார். மூத்த அதிகாரி ஜெரால்டு மேசன், "இன்ஜினியர் தொப்பியக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியப் போடுங்க"ன்னார். லண்டும் தலையாட்டிட்டார்.

எல்லாரும் சேர்ந்து ஒத்து ஊதினாங்கன்னு இதச் சிலர் சொல்வாங்க. எனக்கு அது உடன்பாடில்ல. மறுத்தவங்க வாய்விட்டே மறுத்தாங்க. எண்ணும்போதுதான் அவங்க கணக்குல வரல.

லைன் திரும்ப வந்துச்சு. "விடலாம்". யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கான்னு நாசா தரப்புல கேட்டாங்க. ஃபோன்ல ஒரு சத்தமும் இல்ல.

மறுநாள் காலை 11:38-க்குக் கிளம்புன சேலஞ்சர், 73 வினாடியில சிதறுச்சு. உள்ள 7 பேர்.