தாங்குவதா, தணிப்பதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரசவ வலியைத் தாங்க வேண்டுமா, தணிக்க வேண்டுமா என்பது தலைப்பு. தணிக்கத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

"என் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றாள், ஒரு ஊசி போட்டதில்லை" என்றார் எதிரணித் தலைவி. கைதட்டலும் வாங்கினார். சரி அம்மா, அந்தப் பாட்டியிடம் ஊசி வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா?

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். விடிய விடிய வலி. கட்டில் கம்பியை அவள் பிடித்த பிடியில் வளைகாப்பு வளையல் நொறுங்கி மணிக்கட்டைக் கீறிவிட்டது. தாங்க முடியாமல் கத்தினாள். "அப்போ இனிச்சுதா?" என்று பிரசவ அறையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் உடைகிறது.

1847-ல் எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோதும் எதிர்ப்பு வந்தது. வேதனையோடு பெறுவதே பெண்ணுக்கு விதித்தது என்றார்கள். 1853-ல் விக்டோரியா ராணியே தன் பிரசவத்தில் அதை வாங்கிக்கொண்டார். ராணிக்கு மருந்து, குடியானவளுக்கு மட்டும் பொறுமையா?

எபிடியூரல் என்ற வலி தணிக்கும் ஊசியைப் போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி, கடைசியில் சிசேரியன் என்று எதிரணியினர் பயமுறுத்தினார்கள். ஆய்வுகளில் இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்துச் சிறிது சிறிதாக மருந்து விடுகிறார்கள். தாய் விழித்தேதான் இருக்கிறாள். ரத்த அழுத்தம் இறங்கலாம், முக்கும் நேரம் நீளலாம், உண்மைதான். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மயக்க மருத்துவர் இருக்கிறார். கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் பரிந்துரைத்திருக்கிறது.

எல்லா ஊரிலும் மயக்க மருத்துவருக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஆனால் தணிப்பது என்றால் ஊசி மட்டும் இல்லையே. இடுப்பைப் பிடித்துவிடும் கை, வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, பக்கத்தில் ஒரு சொந்த முகம் எல்லாம் அதில் சேர்த்தி. அரசு மருத்துவமனைப் பிரசவத்தில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழ்நாடு 2004-லேயே ஏற்பாடு செய்தது.

தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் அத்தை உள்ளே போனார். வலி வரும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வலி விடும்போது கையை எடுத்து ஒரு மடக்கு வெந்நீர் கொடுத்தார். அன்றைக்கும் அவள் கத்தினாள். அதட்ட யாரும் வரவில்லை.

ஊசி கிடைத்திருந்தால் போட்டிருப்பாயா என்று நேற்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "இதை அன்னைக்கு யாராவது என்கிட்ட கேட்டிருக்கணும்க்கா."