முகத்துக்கு முன்னே தடம்

அவையோருக்கு வணக்கம்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் பிடிபடும். அழகரின் பல்லக்கு கண்ணில் படுவதற்கு நெடுநேரம் முன்பே அவர் வந்துவிடுகிறார். முதலில் தொலைவில் அதிர்வேட்டு. பிறகு கொட்டுச் சத்தம். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சியபடி கருப்பசாமி வேடக்காரர்கள் கடந்து போவார்கள். நம் சட்டை நனைந்திருக்கும், மேனி சிலிர்த்திருக்கும். வேற்றுக்கிரக இனத்தைத் திரைக்குக் கொண்டுவருவதற்கும் இந்த வரிசைதான் சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

1963 டிசம்பர் 21. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடர். ஆளில்லாத நகரத்தின் நடைவழியில் பார்பரா என்ற ஆசிரியை சுவரோடு ஒட்டி நிற்கிறாள். ஏதோ ஒன்று நெருங்குகிறது. நாம் பார்ப்பது அதன் கையை மட்டுமே. அவள் அலற, அத்தியாயம் முடிகிறது. டாலெக் என்ற அந்த வேற்றுக்கிரக எதிரியின் முழு உருவத்தைக் காண மக்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்கத் தொடர் ஓராண்டு காக்க வைத்தது. 1988 மே மாதம், ராமுலர் என்ற வேற்றுக்கிரக இனத்தின் எல்லையோரக் காவல் நிலையங்கள் காணாமல் போகின்றன. இடிபாடு இல்லை, பிணம் இல்லை; அகப்பையால் அள்ளியதுபோல் தரையோடு பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாமலே கதை முடிகிறது. 1989 மே மாதம், அறியாத ஒரு கிரகத்தில் அதே குழிகள். அதன் பிறகுதான் போர்க் இனத்தின் கனசதுரக் கப்பல் வருகிறது.

அடுத்த காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போர்க் இனத்தின் ஒற்றை ஆள், பாதி உடல் இயந்திரம், மனிதர்களின் விண்கப்பலில் எஞ்சின் அறைக்குள் தோன்றுகிறான். கேப்டன் பிக்கார்ட் பேச முயல்கிறார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது கப்பலின் இயந்திரம். மனிதர்கள் அவன் கண்ணுக்குப் பொருட்டே அல்ல. மிரட்டல் வசனம் பேசியிருந்தால் இந்த அச்சத்தில் கால்பங்குகூட நமக்கு வந்திருக்காது. சுட்டு வீழ்த்துகிறார்கள். அடுத்து வருபவன்மேல் அதே ஆயுதம் பலிக்கவில்லை. அவர்கள் கற்றுக்கொள்கிறவர்கள் என்பதை யாரும் விளக்கவில்லை, நாமே கண்டுகொள்கிறோம்.

இதே தொடரில் சறுக்கலும் உண்டு. 1987இல் பெரெங்கி இனத்தைப் பெரும் பகைவர்களாக நிறுத்த நினைத்தார்கள். முன்கூட்டியே பேச்சில் பயமுறுத்தவும் செய்தார்கள். ஆனால் நேரில் வந்தவர்கள் கத்திக் குதித்தார்கள், எவரும் அஞ்சவில்லை. வெறும் பேச்சு தடமாகாது.

அவர்களைக் காப்பாற்றியது ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இன்னொரு தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’. 1993இல் தொடங்கிய அந்தத் தொடர் பெரெங்கிகளுக்கு ஒரு மதுக்கடையைக் கொடுத்தது: முதலாளி குவார்க், அவனிடம் வேலை பார்க்கும் தம்பி ராம், ராமின் மகன் நாக். 1995இல் ஓர் அத்தியாயத்தில் நாக் விண்படையில் சேரத் துடிக்கிறான். ஏன் என்று தளபதி சிஸ்கோ விடாமல் நெருக்குகிறார். பையன் உடைந்து சொல்கிறான்: என் தகப்பனுக்கு இயந்திரங்களில் அத்தனை கைத்திறன், ஆனாலும் அவர் வாழ்நாளெல்லாம் லாபத்தைத் துரத்தியே வீணாய்ப்போனார், எனக்கு அந்தக் கதி வேண்டாம்.

சிஸ்கோ பரிந்துரைக் கடிதம் தர இசைகிறார். ராமுக்குச் செய்தி தெரிகிறது. குவார்க் மறுக்கிறான், ராம் அண்ணனை எதிர்த்து மகன் பக்கம் நிற்கிறான்.