ஊசிக்கு முன்னால் கல்ச்சர்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் துணைவேந்தர் ஐயா அவர்களே, விடாமல் தொலைபேசியில் அழைத்து என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திய கால்நடை மருத்துவத் துறைத் தலைவர் அம்மா அவர்களே, பெயர் விட்டுப்போனதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாத மற்ற பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி இதய வால்வைப் பிடித்தால், எந்த ஆன்டிபயாடிக் நல்லது என்று விலங்குகளில் எப்படி ஒப்பிடுகிறார்கள்? எது ஜெயித்தது? நாய்க்கும் மாட்டுக்கும் அந்த நோய் வந்தால் என்ன செய்வது? மூன்றுக்கும் என்னிடம் ஒரே பழமொழிதான்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

முதலில் முயல். மயக்கம் கொடுத்த முயலின் கழுத்துத் தமனி வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இறக்கி, பெருந்தமனி வால்வை லேசாக உரசவிடுவார்கள். உரசிய இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினும் பிளேட்லெட்டும் படிந்து சின்னக் கட்டி உண்டாகும். அப்புறம் காதிலுள்ள ரத்தக் குழாயில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை, அதாவது மெதிசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை, ஏற்றினால், மறுநாளே அந்தக் கட்டியில் கிராமுக்குப் பத்துக் கோடி, அதற்கு மேலும்கூட இருக்கும். வெள்ளையணுக்கள் அதற்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே மருந்தேதான் கொன்றாக வேண்டும். கிருமி பெருகாமல் தடுத்தால் மட்டும் போதாது.

சில நாள் சிகிச்சைக்குப் பிறகு கட்டியை எடுத்து, எடை போட்டு, அரைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பி, எத்தனை வளர்கிறது என்று எண்ணுவார்கள். கடைசி டோஸ் உடம்பை விட்டு வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டியில் மிச்சமிருக்கும் மருந்து தட்டிலும் கிருமியைத் தடுத்து, தோற்ற மருந்தை ஜெயித்ததாகக் காட்டிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே!

சரி, எது ஜெயித்தது? 1958-லிருந்து இருக்கும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மெதுவாகத்தான் கொல்லும். டாப்டோமைசின் வேகமானது, ஆனால் தனியாகக் கொடுத்தால், சிகிச்சை நடக்கும்போதே எதிர்ப்புக் கிருமி தலைதூக்குவதை முயல்களில் பார்த்திருக்கிறார்கள். கூடவே பீட்டா லாக்டம் என்ற பெனிசிலின் குடும்ப மருந்தைச் சேர்த்தபோது பல சோதனைகளில் பலன் நன்றாக இருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மனிதர்களிடம்? 2020-ல் வெளியான கேமரா 2 ஆய்வில், வான்கோமைசின் அல்லது டாப்டோமைசினோடு அப்படிச் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்திலிருந்து கிருமி சீக்கிரம் போனது, உயிரிழப்பு குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்பு கூடியது. இதை விரிவாகச் சொல்ல ஆசைதான். அதற்கு முன் ஒரு கதை.

1945 டிசம்பர். நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் சொன்ன கற்பனைக் கதை. ஒருவருக்குத் தொண்டை வலி. பெயர் எக்ஸ். மனிதர் பெனிசிலினைத் தானே வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார். டாக்டர் எதற்கு? இங்கே அப்படிச் செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! (சிரிப்பு.) துணைவேந்தர் ஐயா தூக்கிவிட்டார், அவரை நம்புகிறேன். எக்ஸ் போட்டுக்கொண்டது அரைகுறை அளவு. கிருமியைக் கொல்லப் போதாது, மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கப் போதும். தேறிய கிருமி யாரிடம் போகிறது? அவர் மனைவியிடம். அவருக்கு நிமோனியா. டாக்டர் வருகிறார், அதே பெனிசிலின். கேட்கவில்லை. அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிடுகிறார். தப்பு செய்தவர் ஒருவர், உயிரை விட்டவர் இன்னொருவர். பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்திலேயே அதைக் கண்டுபிடித்தவர் சொன்ன எச்சரிக்கை ஐயா இது!

இதற்காகத்தான் ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருக்கிறேன்: முதல் ஊசிக்கு முன்னால் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால், வால்வில் கிருமி குடியிருக்கும்போதே தட்டு வெறுமையாக இருக்கலாம். அப்புறம் வான்கோமைசினா டாப்டோமைசினா என்ற பேச்சே வெறும் ஊகம். ஆழம் தெரியாமல்... நீங்களே முடித்துவிட்டீர்கள்!

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். நாய், மாடு பற்றி அம்மா அவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். கல்ச்சர் வசதியில்லாத மருத்துவமனைகளுக்கு அதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.