ஜவ்வு கிழிந்த முட்டியும் அயோவாவின் கோப்பையும்

நேயர்களுக்கு வணக்கம்.

2021 மார்ச் மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கல்லூரி மல்யுத்தத்துக்கான தேசியப் போட்டி நடந்தது. மொத்தம் பத்து எடைப் பிரிவுகள். அதில் நான்கு பிரிவுகளில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது. அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு முதலிடம். அப்படியும் அணிக் கோப்பை அயோவாவுக்குத்தான் போனது. அயோவா 129 புள்ளிகள், பென் ஸ்டேட் 113.5.

இது எப்படி என்று கேட்பீர்கள். அங்கே முதலிடத்துக்கு 16 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, இப்படியே இறங்கி எட்டாமிடத்துக்கு 3. சுற்று ஏற ஏறக் கொஞ்சம் சேரும். எதிராளியை மல்லாத்தி இரண்டு தோளையும் தரையில் அழுத்திவிட்டால் கூடுதலாக 2. அயோவாவின் ஐயர்மனும் கெமரரும் இறுதிச்சுற்றில் பென் ஸ்டேட் வீரர்களிடமே தோற்றார்கள். ஆனாலும் ஆளுக்கு 12 புள்ளி கொண்டுவந்துவிட்டார்கள். டிசான்டோ மூன்றாமிடம். முதலிடம் வாங்கிய அந்த ஒருவர், 125 பவுண்டு பிரிவின் ஸ்பென்சர் லீ. நம் கணக்கில் 57 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இறுதியில் அரிசோனா ஸ்டேட்டின் பிராண்டன் கோர்ட்னியை 7-0 என்று வென்றார்.

வென்று இறங்கியவர் தொலைக்காட்சி மைக்கில் சொன்னதுதான் மறுநாள் பேச்சாயிற்று. இரண்டு முட்டியிலும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு இல்லாமல்தான் இந்தப் போட்டி முழுக்க மல்லுக்கட்டினேன் என்றார். சாக்குச் சொல்வது கோழைகளின் வேலை என்றும் சொன்னார். அரங்கமே ஆர்ப்பரித்தது.

நான் விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பவன். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்தப் பையனின் நெஞ்சுரத்தைக் குறை சொல்லவில்லை. அதைக் கேட்ட பள்ளிப் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஏ.சி.எல். என்பது முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஒரு தசைநார். நம் ஊரில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று சொல்கிறோமே, பெரும்பாலும் இதைத்தான். கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி தவறான பக்கம் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. அது போனாலும் நேராக நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். தொடையின் பின்பக்கத் தசை பலமாக இருந்தால் சிலர் ஓடக்கூடச் செய்வார்கள். மல்யுத்தம் அப்படியில்லை. எதிராளியின் காலைப் பிடிக்கப் பாயும்போது பாதம் பாயில் ஒட்டிக்கிடக்க, மேல்உடம்பு மட்டும் திரும்பும். ஜவ்வுக்கு அதைவிட எமன் வேறில்லை. ஒவ்வொரு முறை முட்டி நழுவும்போதும் உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தேயும். அது தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

லீக்கு இது புதிதும் இல்லை. 2017ல் பென்சில்வேனியா மாநிலப் பள்ளி இறுதிப்போட்டியிலும் கிழிந்த ஜவ்வோடுதான் இறங்கினார். அதுவரை 144 வெற்றி, தோல்வியே கிடையாது. அன்று 6-5ல் தோற்றார். தோற்கடித்தவர் யார் தெரியுமா? மேலே மூன்றாமிடம் என்று சொன்னேனே, அதே ஆஸ்டின் டிசான்டோ! பிறகு இருவரும் அயோவாவில் ஒரே அணி. மறு ஆண்டே, 2018ல், லீ கல்லூரித் தேசியப் பட்டம் வாங்கினார். 2019லும் வாங்கினார். 2020ல் கொரோனா வந்து போட்டியே நடக்கவில்லை.

செயின்ட் லூயிஸ் வெற்றிக்கு அடுத்த மாதம் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. காயத்தால் அதிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் மறுபடி சில போட்டிகள் ஆடிப் பார்த்தார். 2022 ஜனவரி முதல் தேதி, இந்தப் பருவம் இத்துடன் போதும், இரண்டு முட்டிக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறேன் என்று அறிவித்தார். அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் இதுதான் என்பது என் கட்சி. குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற ஆட்டங்களில் வலியைத் தாங்குவதைச் சொல்லிக் கொடுக்க ஆள் தேட வேண்டாம். நிறுத்தச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. அதுவும் மல்யுத்தம் பார்க்கக் கால்பந்து மைதானத்தில் 42,000 பேர் கூடிய ஊரில், முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் டாம் பிராண்ட்ஸ் பயிற்சியாளராக இருக்கும் அணியில்.

அதற்கு விலையும் இருந்தது. லீ இல்லாத 2022ல் அயோவா 74 புள்ளியோடு மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை. முதல் வாரம் பயிற்சி என்றால் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி, காலை நேராக்குவது. அவ்வளவுதான். நேற்றுவரை எதிராளியைத் தூக்கிப் போட்டவருக்குத் தன் தொடைத்தசை துடிக்கவே மறுக்கும். தொடை சுற்றளவு கண்ணெதிரே குறையும். ஒன்பது மாதத்துக்கு முன்பே களத்தில் இறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல். என்னிடம் வரும் பிள்ளைகள் உட்காரும் முன்பே கேட்பது, 'சார், எப்ப விளையாடலாம்?' பெற்றோர் கேட்பதும் அதேதான், டோர்னமென்ட் தேதியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

லீ திரும்பி வந்தார். 2023ல் துல்சாவில் நான்காவது பட்டத்துக்கு நின்றார். அயோவா வரலாற்றில் எவரும் நான்கு வாங்கியதில்லை. அரையிறுதியில் பர்டூ பல்கலைக்கழகத்தின் மாட் ராமோஸ் கடைசி நொடியில் அவரை மல்லாத்தித் தோற்கடித்துவிட்டார். மீதிப் போட்டிகளை ஆடாமல் ஆறாமிடத்தோடு முடித்தார். அணி 82.5 புள்ளியோடு இரண்டாமிடம், பென் ஸ்டேட் 137.5.

முட்டி தாங்கியதா என்பதற்கு அந்தத் தோல்வி பதில் இல்லை. ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் தாமஸ் கில்மனை வென்றார். மே மாதம் இஸ்தான்புல்லில் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். பாரிஸில் 57 கிலோ இறுதியில் ஜப்பானின் ரெய் ஹிகுச்சியிடம் 4-2ல் தோற்று வெள்ளி வாங்கினார்.

அதே பிரிவில்தான் நம் அமன் ஷெராவத் வெண்கலம் வாங்கினார், 21 வயதில். அதே பாரிஸில் வினேஷ் போகாட், 2023 ஆகஸ்டில் ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், ஓராண்டுக்குள் வந்து ஜப்பானின் யூயி சுசாகியைத் தோற்கடித்தார். பிறகு எடை 100 கிராம் கூடியதால் வெளியேற்றப்பட்ட கதை வேறு. அதில் முட்டிக்குப் பங்கில்லை.

முட்டி வீங்கி வரும் பிள்ளையிடம் லீயின் 2021 பேச்சைக் காட்டும் பயிற்சியாளர்கள், அவருடைய 2022 ஜனவரி அறிவிப்பையும் சேர்த்துக் காட்டினால் எனக்கு வேலை பாதி குறையும்.

நன்றி, வணக்கம்.