செம்மறியின் ஆண்டும் பாலாடைக்கட்டியும்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

புதுச்சேரிக் கடைகளில் நாம் வாங்கும் சீஸ் பெரும்பாலும் பசும்பாலில் செய்தது. தை மாதத்திலும் கிடைக்கும், ஆடி மாதத்திலும் கிடைக்கும். நான் இன்று பேச வந்திருப்பது செம்மறி ஆட்டுப் பாலில், அதுவும் ஆட்டைக் கறந்த வீட்டிலேயே செய்யப்படும் பாலாடைக்கட்டியைப் பற்றி. அதை ஆண்டு முழுவதும் செய்ய முடியாது. ஏன் முடியாது என்பதை நேயர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய இவ்வூர்ச் சொல்தா குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் குடும்பமும் பிரான்சுக்கும் புதுவைக்குமாக வாழ்ந்தது. அந்நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரெனீஸ் மலையடிவாரத்தில், பெயார்ன் என்னும் பகுதியிலுள்ள ஒரு சிறு பண்ணையில் உதவிக்கு நின்றுதான் இத்தொழிலை நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே கோடையில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. குளிர்காலத்தில் ஏறத்தாழ 9 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இரவு நீள நீள ஆட்டின் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு கூடுதல் நேரம் சுரக்கும். பகல் தேய்கிறது என்பதை அதனால் உணர்ந்துகொண்டு பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து கிடாவை ஏற்கும். நம் புதுச்சேரியிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வேறுபாடுதான்; ஆகவேதான் நம் ஆடுகள் தீனி இருந்தால் எந்த மாதத்திலும் சினை பிடிக்கின்றன. பெயார்னில் அப்படியன்று. சினைக்காலம் ஐந்து மாதம். குட்டிகள் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, நல்ல குளிரில் விழும். குட்டி ஒரு மாத அளவுக்குத் தாயிடம் குடித்த பிறகுதான் கறவை தொடங்கும். கோடை முடியும்போது பால் வற்றிவிடும். அதன் பின் சில மாதங்கள் அந்த வீட்டில் பால்குடமே இறங்காது.

அந்த வறண்ட மாதங்களைச் சோம்பல் என்றோ நட்டம் என்றோ எண்ணிவிடக் கூடாது. வயிற்றிலுள்ள குட்டி வளர்வதும், மடி புதுப்பித்துக்கொள்வதும், மேய்ந்து தேய்ந்த புல் மீண்டும் தழைப்பதும் அந்த மாதங்களில்தான். விளக்கொளியாலும் ஊசி மருந்தாலும் ஆட்டின் பருவத்தை மாற்ற முடியும். பெரிய பண்ணைகள் அப்படிச் செய்வதும் உண்டு. நான் நின்ற வீட்டில் அதை ஒருபோதும் ஒப்பவில்லை. அவர்கள் செய்தது சரி என்பதே என் உறுதியான எண்ணம்.

இனி, பாலாடைக்கட்டி செய்யும் காலைப்பொழுது. முந்தைய மாலைப் பாலையும் அன்றைய காலைப் பாலையும் ஒரே செப்புக் கொப்பரையில் ஊற்றி, 30 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, ரென்னெட் என்னும் நொதியைக் கலப்பார்கள். பால் குடிக்கும் குட்டியின் நான்காம் இரைப்பையிலிருந்து கிடைப்பது அது. நம் வீட்டில் உறை ஊற்றினால் பால் புளித்து இரவெல்லாம் தயிராகிறது. இதுவோ பெரிதும் புளிக்காமலே முக்கால் மணி நேரத்துக்குள், வேகவைத்த சீம்பாலைப் போல வழுவழுப்பாகத் திரண்டு நிற்கும். அந்த வீட்டுப் பாட்டியம்மாள் ஆள்காட்டி விரலைச் சாய்வாக உள்ளே நுழைத்து மெல்ல உயர்த்துவார். திரள் நேர்கோட்டில் பிளந்து, பிளவில் இளம்பச்சை நீர் தெளிவாக ஊறினால் வெட்டலாம். நீர் பால்போல் கலங்கியிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். பிறகு மக்காச்சோள மணி அளவுக்கு வெட்டி, கிளறிக்கொண்டே இன்னும் சற்றுச் சூடேற்றுவார்கள். மணிகள் அடியில் படிந்ததும் அவர் முழங்கை வரை இரு கைகளையும் அமிழ்த்தி, கண்ணுக்குத் தெரியாத அந்த மணிகளைத் தொட்டுத் தொட்டே ஒரே உருண்டையாகச் சேர்த்து வெளியே எடுப்பார். அச்சிலிட்டு, அழுத்தி, உப்பிட்டு, குளிர்ந்த நிலவறையில் பலகைமேல் அடுக்கிய பின், நாள்தோறும் திருப்பிவைத்துத் துடைக்கும் வேலை தொடங்கும். அப்பகுதியின் ஒசோ இராத்தி என்னும் பாலாடைக்கட்டிக்கு 1980 முதல், நம் புவிசார் குறியீட்டைப் போன்ற பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அதில் சிறியதுகூடக் குறைந்தது 80 நாள் முதிர வேண்டும்.

செம்மறிப் பாலில் கொழுப்பு மட்டுமே ஏறத்தாழ 7 விழுக்காடு. பசும்பால் 10 லிட்டரில் கிடைக்கும் ஒரு கிலோ கட்டி, இதில் ஐந்தாறு லிட்டரிலேயே கிடைத்துவிடும். ஆனால் ஓர் ஆடு தரும் பால், நல்ல பருவத்தில்கூட நாளுக்கு ஒரு லிட்டரை ஒட்டியதுதான். மிஞ்சும் தெளிநீரையும் வீணாக்குவதில்லை. அதை மீண்டும் காய்ச்சினால் மென்மையான வெண்கட்டி மிதந்து வரும், குழந்தைகள் சர்க்கரை தூவி அன்றே தின்று தீர்த்துவிடுவார்கள்.

கோடையில் மந்தை மலையேறும். மேய்ப்பர்கள் மேலே குடிசையில் தங்கிக் கையால் கறந்து அங்கேயே கட்டி செய்வார்கள்; பால் குறைந்திருந்தாலும் கெட்டியாக இருக்கும், மலைப்புல்லின் மணமும் அதில் இறங்கியிருக்கும். மந்தை இறங்கிய பின், அக்டோபர் முதல் வாரக் கடைசியில் லாரன்சு என்னும் ஊரில் பாலாடைக்கட்டிச் சந்தை கூடுகிறது.

நேரம் முடியப் போகிறது. கடைசியாகப் பேச நினைத்ததைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவடைக்குப் பின் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களில், மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகள் கிடை போடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த ஆடுகளைக் கறக்கலாமா என்று கேட்கிறார்கள். அவை இறைச்சிக்கென்றே வளர்ந்த இனங்கள்; பால் குட்டிக்குத்தான் போதும். கறவைக்கென்று தனியாக ஆடு வளர்ப்பவர் ஐப்பசி மழையில் புல் தழைக்கும் நேரத்துக்குக் குட்டி விழும்படி கிடா சேர்த்து, சித்திரை வெயிலுக்குள் பாலை வற்ற விடுவது நல்லது. நிலவறைக் குளிர் நமக்கு இல்லையாதலால், மாதக்கணக்கில் முதிர வைக்கும் கட்டியைவிட இரண்டொரு நாளில் விற்றுவிடும் புதுக்கட்டியில் தொடங்கலாம். வணக்கம்.