குடித்ததில்லை, குளித்திருக்கிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டோக்கியோ நிஷிகசாய் சொந்தங்களே, வணக்கம். எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்திலேயே அதைக் கரைக்க நான் தயாராக இல்லை.

"காமி நோ ஷிசுகு" என்ற ஜப்பானிய டிவி தொடரில் அப்பா எழுதிய உயில் பாசமா, தண்டனையா? இதுதான் தலைப்பு. நான் தண்டனை அணி. கொள்கை, கோட்பாடு எல்லாம் ஒன்றும் இல்லை, சீட்டுக் குலுக்கியதில் இது வந்தது. பாசம் வந்திருந்தால் அதற்கும் இதே சட்டையோடுதான் வந்திருப்பேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக அரை நிமிடம். 2009 ஜனவரியிலிருந்து மார்ச் வரை நிப்பான் டிவியில் ஒன்பது வாரம் ஓடிய கதை. கன்சாகி யுதாகா என்று ஒரு பெரிய ஒயின் விமர்சகர். அவருடைய மகன் ஷிசுகு. அப்பாவோடு மனக்கசப்பு, வீட்டை விட்டு வெளியேறி ஒரு பீர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாகவதர் மகன் டிஜே ஆன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்துபோகிறார். உயிலைப் பிரித்தால் அதில் சொத்து விவரம் இல்லை, விடுகதை இருக்கிறது! மூலக் காமிக்ஸில் பன்னிரண்டு ஒயின்கள், அவற்றுக்குப் "பன்னிரு சீடர்கள்" என்று பெயர். பதின்மூன்றாவதுதான் "கடவுளின் துளி", தொடரின் பெயருக்கும் அதுதான் அர்த்தம். எந்த ஒயின், எந்த வருடம் என்று சொல்லமாட்டாராம். வர்ணனை மட்டும் எழுதி வைப்பாராம். கண்டுபிடிப்பவனுக்கு வீடும் 200 கோடி யென் பெறுமான ஒயின் சேகரிப்பும்.

போட்டிக்கு ஆள் வேண்டுமே? அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் தோமினே இஸ்ஸெய் என்ற இளம் ஒயின் விமர்சகரைத் தத்தெடுத்துவிட்டார். இந்த நாட்டில் வளர்ந்த ஆண்பிள்ளையைத் தத்தெடுப்பது அதிசயம் இல்லைதான். சுசுகி கம்பெனியை எத்தனையோ வருடம் நடத்திய ஒசாமு சுசுகி அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்து அவர்கள் பெயரை ஏற்றுக்கொண்டவர். ஆனால் தொழிலை நடத்த ஆள் எடுப்பது வேறு, பெற்ற பிள்ளையோடு மோதவிட ஆள் எடுப்பது வேறு.

இதில் நடுவர் யார் தெரியுமா? பூங்காவில் குடிசை போட்டு வாழும் ஒரு கிழவர். நம் நடுவருக்குக் குறைந்தபட்சம் இரண்டு அறை வீடு இருக்கிறது. வாடகை வீடுதான், இருந்தாலும் இருக்கிறது.

சரி, இப்போது எதிரணித் தலைவி அக்காவுக்கு வருகிறேன். வாதத்துக்கு அப்புறம் பதில் சொல்லலாம், முதலில் அந்தக் கிண்டல். என்ன சொன்னார்? "ஒரு சொட்டு ஒயின் நாக்கில் படாத இவர் ஒயின் கதை பேச வந்துவிட்டார். கையில் ஒயின் கிளாஸைக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டு, ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல் என்பார்." நீங்களும் கைதட்டினீர்கள். என் மனைவியும் தட்டினாள், பார்த்தேன்.

அக்கா, முதல் விஷயம். ஒயினே குடிக்காதவன் பேசக் கூடாது என்றால் கதாநாயகனையே தொடரிலிருந்து தூக்க வேண்டும். அப்பா செத்தபிறகுதான் ஷிசுகு முதல் வாய் ஒயின் குடிக்கிறான். அதுவரை அவனும் என் கட்சி.

இரண்டாவது, மிளகு. ஷிராஸ் என்று ஒரு திராட்சை வகை. அந்த ஒயினை மோந்தவர்கள் எல்லாரும் காலம் காலமாக "மிளகு வாசம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். அதே பொருள் எதில் இருக்கிறது? மிளகில்! அதாவது கிளாஸை மோந்துவிட்டு "ரசம்" என்று சொன்னால் நான் பட்டிக்காட்டான் இல்லை, நிபுணன். அக்கா கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆமாம் அக்கா, நான் ஒயின் குடித்ததில்லை. ஆனால் குளித்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள், நிஜம். ஹக்கோனேயில் யுனெஸ்ஸன் என்று வெந்நீர்க் குளங்கள் இருக்கும் இடம். நீச்சல் உடையோடு குடும்பமாக இறங்கலாம். காபிக் குளம், கிரீன் டீக் குளம், நடுவில் ஒயின் குளம். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை பிரான்ஸின் போஜொலே நூவோ ஒயின் வெளியாகும் நாள். சூரியன் இங்கே முந்தி உதிப்பதால் பிரான்சுக்காரனுக்கு முன்னாலேயே ஜப்பான்காரன் பாட்டிலைத் திறந்துவிடுவான். அந்தச் சமயம் பார்த்து நாங்கள் போயிருந்தோம். சிவப்புத் தண்ணீர், தலைக்கு மேல் பனைமரம் மாதிரி ஒரு பாட்டில். கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தேன். ஓர் ஊழியர் வந்து எங்கள் தலைமேல் அந்த வருட ஒயினை ஊற்றுகிறார். பக்கத்தில் இருந்த ஜப்பானியத் தாத்தா, பழனியில் பஞ்சாமிர்தத்துக்கு நிற்பது போல வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்திருக்கிறார். நான்? உதட்டை இறுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் விமானம் ஏறும்போது அம்மாவுக்குச் செய்த சத்தியம் அப்படி. என் மகள் கேட்டாள், "அப்பா, நாம இப்ப ஊறுகாயா?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். மறுபடி சொல்கிறேன். தாத்தா வாயைத் திறந்திருக்கிறார், நான் மூடியிருக்கிறேன், மகள் "ஊறுகாயா" என்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். ராத்திரி விருதுநகருக்குப் போன் போட்டேன். லைன் சரியில்லை. "அம்மா, இன்னைக்கு எல்லாரும் ஒயின்ல குளிச்சோம்மா" என்றேன். நம் மொழியில் ளகரத்துக்கும் டகரத்துக்கும் எவ்வளவு தூரம்? ஒரு சிக்னல் தூரம்! "குடிச்சோம்" என்று போய் விழுந்தது. "எல்லாருமா? பிள்ளையுமா?" என்றாள். "ஆமாம்மா, அவதான் முதல்ல இறங்குனா. வெளிய வரவே மாட்டேன்னுட்டா" என்றேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "எம்புட்டுடா?" என்று கேட்டாள். "கழுத்து மட்டும்மா" என்றேன்.

மறுநாளே மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துவிட்டாள். பங்குனிக்கு நான் ஊருக்குப் போய் எடுக்க வேண்டும். குடித்தவனுக்கே அந்தத் தண்டனை கிடையாது, குளித்தவனுக்குக் கிடைத்தது. பார்த்தீர்களா நடுவர் அவர்களே, "தண்டனை" என்ற சொல் வந்துவிட்டது. நான் தலைப்பை விட்டு விலகவில்லை.

அந்தப் போனில் அப்பா என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி வாதம். அக்கா, "பாசம் இல்லாமலா சிறுவயதிலிருந்தே மகனுக்குப் பயிற்சி கொடுத்தார்?" என்று கேட்டார். என்ன பயிற்சி? பென்சிலை மோந்து பார், தோல் பெல்ட்டை நக்கிப் பார். ஒயினில் வரும் வாசனைகள் பிள்ளைக்குப் பழக வேண்டுமாம். பயிற்சி பலித்தது, நான் மறுக்கவில்லை. தொடக்கத்திலேயே ரிச்சபூர் 1990 என்ற விலையுயர்ந்த ஒயினை ஷிசுகு உயரத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் இறக்குகிறானே, நம் டீ மாஸ்டரே எழுந்து நின்று கும்பிடுவார். அத்தனை கலையும் கையில் இருக்கிறது. அப்பாவைப் பிடிக்காது என்பதும் மனதில் இருக்கிறது. கையைப் பழக்கினார், மனதை விட்டுவிட்டார்.

சட்டமும் அக்காவுக்கு எதிர்தான். ஜப்பானில் "இர்யூபுன்" என்று ஒன்று உண்டு. அப்பா என்ன உயில் எழுதினாலும் பிள்ளைக்கு ஒரு குறைந்தபட்சப் பங்கு உண்டு. அம்மா இல்லை, பிள்ளைகள் இருவர் என்றால் ஆளுக்குக் கால்வாசி. ஷிசுகு பேசாமல் வக்கீலைப் பார்த்திருந்தால் 50 கோடி யென் கைக்கு வந்திருக்கும், தொடர் முதல் வாரமே முடிந்திருக்கும், நாமும் இந்நேரம் சாப்பிடப் போயிருப்போம்.

கியோட்டோவில் இச்சிசாவா ஹன்பு என்ற பழைய பை கடையில் நடந்ததையும் என் அணித் தோழர் சொல்லிவிட்டார். 2001இல் அப்பா இறந்தபிறகு ஒன்றுக்கு இரண்டு உயில். மூத்த மகன் ஒன்றைக் காட்ட, மூன்றாவது மகன் இன்னொன்றைக் காட்ட, 2004இல் உச்ச நீதிமன்றத்தில் அண்ணனுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு, 2009இல் அதற்கு நேர்மாறான முடிவு. நடுவில் தம்பி எதிரிலேயே தன் பெயரில் கடை போட்டார், தையல்காரர்கள் அவர் பின்னால் போய்விட்டார்கள். காகிதத்தை நம்பிய அப்பாக்களின் கதை இதுதான்.

ஆனால் அக்காவின் கடைசிக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். "ஷிசுகு என்றால் துளி. தேடச் சொன்ன ஒயினின் பெயரும் கடவுளின் துளி. ஆக, அப்பா தேடச் சொன்னது மகனைத்தானே?" அழகான கேள்வி. மூலக் காமிக்ஸை எழுதியவர்கள் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர், தாதாஷி ஆகி என்ற ஒரே புனைபெயரில் 2004இலிருந்து 2014 வரை 44 தொகுதிகள். சண்டை போடாத உடன்பிறப்புகள் உட்கார்ந்து சண்டை போடும் பிள்ளைகளின் கதையை எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு அந்த இஸ்ஸெய் வெறும் தத்துப்பிள்ளை இல்லை, கன்சாகியின் சொந்த ரத்தம் என்று பின்னால் தெரிகிறது. 2023இல் வந்த ஆப்பிள் டிவி வடிவத்தில் மகனை மகளாக்கிப் பாரிஸுக்கே கொண்டுபோனார்கள், அப்போதும் இந்த முடிச்சைக் கைவிடவில்லை. இரண்டு பிள்ளை. ஒருவனிடம் "நான் உன் அப்பா" என்று சொல்லவில்லை. இன்னொருவனிடம் அப்பாவாகப் பேசவில்லை.

அக்கா, பெயர் வைத்தார், சரி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரா? ஒரு பாட்டிலைத் திறந்தால் காடு, ஓடை, பூந்தோட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற மனுஷன், மகனுக்கு ஒரு போன் போட்டு, "வீட்டுக்கு வாடா, சாப்பிடலாம்" என்று சொல்ல மூன்று வார்த்தை கிடைக்கவில்லையா?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே. அப்பா என்ன சொன்னார் என்று பாக்கி இருக்கிறது.

என் அப்பாவுக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தால் "சாப்டியா?" என்பார். "சாப்டேன்பா." "மழையா அங்க?" "இல்லப்பா." "சரி, அம்மாட்ட குடுக்குறேன்." இருபது வருடமாக இதுதான். அன்றைக்கு அம்மா அழுதுகொண்டிருந்தபோது பின்னால் அவர் குரல் கேட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வாசம் எப்படி இருந்துச்சாம்னு கேளு" என்றார்.

எனக்கு ஏழெட்டு வயதில் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் மல்லியைப் போட்டுத் தேய்ப்பார். "புதுசா, பழசா?" மூக்குக்கிட்ட வத்தலைக் கொண்டுவருவார். "சம்பாவா, குண்டா?" நல்லெண்ணெயில் விரலை முக்கி என் மேலுதட்டில் தடவுவார். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. தெருவில் பையன்கள் விளையாடுவார்கள், நான் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கடை வேண்டாம் என்றுதான் படித்தேன், அந்த வாசம் வேண்டாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். போன மாதம் இந்தப் பட்டிமன்றத்துக்காகத் தொடரை மறுபடி பார்த்தேன். சின்னப் பையன் பெல்ட்டை மோந்துகொண்டு நிற்கிறான். என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. ஊருக்குப் போன் போட்டேன்.

"எதுக்குப்பா என்னைய மல்லியெல்லாம் மோந்து பாக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

லைனில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. அப்புறம் சொன்னார், "கடை உனக்குன்னு நெனச்சிருந்தேன்யா."

எனக்குப் பதில் வரவில்லை. அவரே, "சரி, அம்மாட்ட குடுக்குறேன்" என்றார்.

கொடுக்கவில்லை. லைனிலேயே இருந்தார்.

நன்றி, வணக்கம்.